சும்மா பண்ணித் தந்த ஒரிஜினல்

சார்ஜிங் பின்னை மாற்றித் தாருங்கள் என்றுதான் இன்று காலை சிவாஜிநகர் செல்போன் ரிப்பேர் கடையில் போனைக் கொடுத்தேன். வேறு எதையும் தொடச் சொல்லவில்லை.

என் போன் பழசு. கம்பெனி அப்டேட்டை நிறுத்திக் கைகழுவி வருஷங்கள் ஆகின்றன. அதனால் ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து தரும் புது ஆண்ட்ராய்டை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, நானே ஏற்றி வைத்திருந்தேன். மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வரும். ஒரே குறை, பேங்க் ஆப் மட்டும் "உங்கள் போன் பாதுகாப்பானது அல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மத்தியானம் போனால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்.

"அக்கா, உள்ள ஏதோ டூப்ளிகேட் சாஃப்ட்வேர் இருந்துச்சு. ஆன் பண்ணாலே வார்னிங் வருது. அழிச்சிட்டு கம்பெனி ஒரிஜினல் போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"டென்ஷன் மாடபேடி, டென்ஷன் ஆகாதீங்க அக்கா. உங்க நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் அவர் பக்கம். இலவசமாகச் செய்தவரிடம் சண்டை போடும் ராட்சசி நான்.

பஸ்ஸில் உட்கார்ந்து பேங்க் ஆப்பை மறுபடி இறக்கினேன். பல வருஷமாக ஒரு ஓட்டைகூட அடைக்கப்படாத அந்தப் பழைய ஆண்ட்ராய்டில், ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. "நல்வரவு" என்றது.

இந்த பேங்க்காரர், வீட்டுக்காரி தானே புதுப்பூட்டு போட்டால் வாசலோடு திரும்பிப் போவாராம். கதவே உளுத்துக் கிடந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவாராம்.

கடைக்காரரைத் திட்டி முடித்துவிட்டேன். பேங்கைத் திட்ட நல்ல வார்த்தை இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள், என்னிடம் தீர்ந்துவிட்டது.