முட்டுக்கட்டை என்று பெயர் வாங்கியவள்

சரிவில் நிற்கும் வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் மரத்துண்டுதான் முட்டுக்கட்டை. முட்டு என்றால் மோதுவது. தாங்கி நிற்பதும் முட்டுதான். காரியத்தைத் தடுக்கிற ஆளைத் திட்டும் சொல்லாக அது மாறியது பிறகு. சரக்குக் கிடங்கில் லாரிகளுக்குக் கட்டை வைத்து எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அதையே பட்டப்பெயராக்கியவர் அங்கிருந்த மேலாளர்.

அந்த மனிதர்தான் முன்பு ஒருநாள், அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், அவசரத்தில் கட்டையை உருவினார். லாரி பின்னால் உருண்டது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவள் கணவனுக்கு ஒரு கால் போயிற்று. விசாரணையில், அவள் கட்டையே வைக்கவில்லை என்று சாதித்துவிட்டார். மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினாள். கணவன் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவள் வேலையை விடவில்லை. பிரேக்கைச் சோதிக்காமல் எந்த வண்டியையும் நகரவிட மாட்டாள். அப்போதுதான் மேலாளர் அந்தப் பெயரை வைத்தார். கிடங்கு கைமாறியது. அவள் தலையசைக்காமல் வண்டி கிளம்பக்கூடாது என்று புது முதலாளி உத்தரவு போட்டார். மேலாளர் விலகிச் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார்.

ஒரு நண்பகலில் அந்த லாரி தக்காளி ஏற்றிக்கொண்டு கிடங்குச் சரிவில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பிரேக் தேய்ந்து கிடந்தது. கட்டையைத் தொடாமல் நிமிர்ந்தாள். வெயிலில் பழம் கசிய ஆரம்பித்தது. அவர் அதட்டினார், பிறகு கெஞ்சினார்.

அவள் தன் கணவனுக்கு போன் போட்டு, மேலாளர் வாயருகே நீட்டினாள். "அன்னைக்குக் கட்டைய யாரு எடுத்ததுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

சுமைக்காரர்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"நான்தாம்ப்பா எடுத்தேன். அவ வெச்சுட்டுத்தான் போனா."

அவள் போனை நீட்டியபடியே நின்றாள்.

"இப்பவாவது கட்டைய எடும்மா, தக்காளி நாசமாகுது," என்றார் அவர்.

"பிரேக்கைச் சரி பண்ணிட்டு வாங்க, எடுக்கறேன்."

மெக்கானிக் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. லாரிக்கு அடியில் சிவப்பாகச் சாறு ஓடியது. அவள் நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவன் தலைகுனிந்தபடி கேட்டான்: "தக்காளி?"

"மொத்தமும் போச்சு."

அவன் மெல்லச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனோடு அவளுக்கு இன்னும் தீர்க்க வேண்டிய கணக்கு இருந்தது.