அம்மாவின் சவுரி

தாம்பரம் பார்லரில் என் மகளின் கூந்தலை மெஷினால் நீவினார்கள். முடி கருகும் வாசனை வந்தது. கூடவே அம்மாவும் வந்துவிட்டாள்.

அம்மா உயிரியல் டீச்சர். தலைவாரும்போது உதிர்ந்த தன் முடி ஒன்றை மெழுகுவத்தியில் காட்டுவாள். "முடியும் புரோட்டீன்தான்டி. கந்தகம் கோத்துக் கட்டியிருக்கு, அதான் இந்த நாத்தம். உடம்பு மக்கினாலும் இது லேசுல மக்காது." மிச்சத்தைச் சேர்த்துத் தனக்கே சவுரி கட்டிக்கொண்டாள்.

2005-இல் அவள் இறந்தாள். மறுவருஷம் அக்காவுக்குக் கல்யாணம். "செத்தவ முடி வேணாம்டி" என்று அத்தை தடுத்தும், அக்கா அந்தச் சவுரியை வைத்துப் பின்னிக்கொண்டாள். குரோம்பேட்டை மண்டபத்தில் அவள் படியேற, பின்னால் வந்த அப்பா அந்தப் பின்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வசந்தா, மெதுவா ஏறு" என்றார். அது அம்மாவின் பெயர். முகம் தெரிந்துவிடுமே என்று அக்கா திரும்பவே இல்லை.

பார்லர் பெண் சீப்பில் சிக்கிய மகளின் முடியைக் குப்பையில் போடப் போனாள்.

"போடாதம்மா, இங்க குடு" என்று கையை நீட்டினேன்.