மூன்றாவது கூண்டின் எண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் எலிமாமா. இருபத்தாறு வருடமாக எலிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, ஊசி போட்டு வருகிறார். ஆராய்ச்சி நடத்தும் மேடம் பிடித்தால் கடிக்கிற எலிகூட இவர் பிடித்தால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். மருந்தளவில் ஒரு சொட்டு தவறியதில்லை.

இந்த முறை மூன்று கூண்டுகள். முதல் கூண்டுக்கு வெறும் உப்புநீர் ஊசி. இரண்டாவதற்கு நிக்கோடின். மூன்றாவதற்கு நிக்கோடினோடு, வாய்வழியே வைட்டமின் ஈ கலந்த எண்ணெயும். எதற்கு என்று மேடமே விளக்கினார்.

“வெட்டி வெச்ச ஆப்பிள் கறுத்துப் போகுதில்ல மாமா? நிக்கோடின் உள்ள போனா ஈரல், நுரையீரல் எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான் கெடுது. ஆப்பிள் மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கறுக்காது. அந்த வேலைய இந்த எண்ணெய் செய்யுதான்னு பாக்கப் போறோம்.”

‘பாக்கப் போறோம்’ அவர் காதில் ஏறவில்லை. ‘கறுக்காது’ மட்டும் ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? அவர் மனைவி ஒரு சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. ஆனால் முப்பது வருடம், ஒற்றை அறை வீட்டில், துருப்பிடித்துத் திறக்காத சன்னலுக்குக் கீழே, அவர் விட்ட புகையைத்தான் மூச்சாக இழுத்தாள். போன வருடம் நுரையீரல் படத்தைக் காட்டிய டாக்டர், “கெட்டது கெட்டதுதான், மிச்சம் இருக்கிறத காப்பாத்துங்க” என்றார். அன்றே எலிமாமா சிகரெட்டை விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அந்த எண்ணெய் கடையிலும் மாத்திரையாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கடைக்காரன் விற்பதற்காகச் சொல்வான். மேடம் எலிக்குக்கூடப் பொய் சொல்லமாட்டார். அதனால் ஆய்வுக்கூடத்து எண்ணெயில்தான் தினமும் ஒரு மூடி எடுத்தார். குறைந்ததை மளிகைக்கடை எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டினார். நிறம் ஒன்றுதான். எலிக்கும் கொஞ்சம், அவளுக்கும் கொஞ்சம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

“என்னங்க இது, வழவழன்னு?”

“டாக்டர் குடுத்தது. கண்ண மூடிட்டு முழுங்கு.”

ஒரு வாரத்தில், “நெஞ்சு லேசான மாதிரி இருக்குங்க” என்றாள். குழாயடிவரை நடந்து போய் ஒரு குடம் தண்ணீரும் பிடித்துவந்தாள். எலிமாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் முதல் இரண்டு மூடி எடுத்தார்.

மூன்று மாதம் ஓடியது. பாட்டிலில் மேடத்தின் மருந்து எவ்வளவு, மளிகைக்கடை எண்ணெய் எவ்வளவு என்று அவருக்கே தெரியாமல் போனது. வீட்டிலோ, குழாயடிக்கு நடந்தவள் கதவுவரை வரவே சுவரைப் பிடித்தாள். கடைசியில் மூன்று கூண்டு எலிகளையும் அறுத்துப் பார்த்தார்கள். மிச்சத்தைப் பையில் கட்டியது எலிமாமாதான்.

“ரெண்டாவது கூண்டும் மூணாவது கூண்டும் ஒண்ணுதான் மாமா. எண்ணெய் எதையும் காப்பாத்தல.” மேடத்தின் குரல் உடைந்தது. “நாலு வருஷ உழைப்பு.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் வேலை போகும், போகட்டும். ஆனால் சொன்னவுடன் மேடம், “வீட்ல அவங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பாரே. அதற்கு என்ன பதில்? மருந்தே பொய்யா, இவர் கலந்த கலப்படம் அதைப் பொய்யாக்கியதா? சாட்சி சொல்ல ஓர் எலிகூட உயிரோடு இல்லை. பாட்டிலைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். கழுவி வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் சாய்ந்திருந்தவள் கேட்டாள்.

“எண்ணெய் கொண்டு வரலையா? அத முழுங்கினாத்தாங்க கொஞ்சமாவது மூச்சு வருது.”

அவர் அடுப்பு மேடைக்குப் போனார். முதுகால் மறைத்துக்கொண்டு, சமையல் எண்ணெயில் ஒரு மூடி ஊற்றி எடுத்துவந்தார். அவள் கண்ணை மூடி விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பத் தேவல,” என்றாள். “நாளைக்கும் மறந்துடாதீங்க.”

மூன்றாவது கூண்டு கடைசியாகக் குடித்ததும் இதே எண்ணெய்தான்.

“மறக்க மாட்டேன்,” என்றார்.