மணல்குழிக்கு வலப்பக்கம்

அம்மா இறந்த மறுவருஷம் அப்பாவுக்குப் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. மலைச்சரிவில் எங்கள் வீடு, அதற்கு மேலே துரையின் பங்களா. வேலையாட்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார்கள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் நான் ரப்பர் மரங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு திரிவேன்.

துரையும் தனியாள்தான். அவர் மனைவி மதாம்மா சீமையில் இருக்கிறாள், மழை முடிந்ததும் கப்பலேறி வருவாள் என்று பங்களா சமையல்காரர் சொல்லியிருந்தார்.

அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, பங்களாவுக்குக் கீழே இருந்த புல்மேட்டில் துரை கோல்ஃப் விளையாட இடம் அமைக்கத் தொடங்கினார். ஒரு முனையில் நின்று பந்தை அடிக்க வேண்டும். மறுமுனையில் கொடி நட்ட சிறு குழிக்குள் அதை விழவைக்க வேண்டும். நடுவே தடைக்காக ஒரு மணல்குழி. அப்பா அதை மேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வாய்க்கால் போல வெட்டிவைத்தார். துரை வந்து பார்த்து, சரியில்லை என்று தலையசைத்தார்.

"மேஸ்திரி, இது வேலி. எல்லாரும் தாண்டித்தான் போகணும் என்றால், யோசிக்க என்ன இருக்கு?"

அதை மூடிவிட்டு, கொடிக்கு முன்னால் இடப்புறமாக ஒரே ஒரு மணல்குழியை வெட்டச் சொன்னார். அதைத் தாண்டி நேராக அடித்தால் தூரம் குறைவு. ஆனால் கொஞ்சம் பிசகினாலும் பந்து மணலில் புதையும். வலப்புறம் அகலமான வெறும் புல். அந்த வழியில் இரண்டு தடவை கூடுதலாக அடிக்க வேண்டும், பயமில்லை.

"நல்லா அடிக்கியவன் போற வழியிலயா குழி வெட்டுவாவ?" என்று அப்பா வீட்டில் வந்து சிரித்தார்.

முட்டம் கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியில் மணல் வந்தது. சாயங்காலங்களில் துரை இரண்டு பந்துகளை வைத்துத் தனக்குத் தானே போட்டியாக ஆடுவார். ஒரு பந்து மணல்குழியைத் தாண்டிப் போகும், இன்னொன்று சுற்றிப் போகும். நான் ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் போகிற பந்துக்காக வேண்டிக்கொள்வேன். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, சின்னதாக ஒரு மட்டையைக் கையில் கொடுத்தார். பெரியவர்களுடைய மட்டைதான், பிடியை அறுத்துக் குறைத்திருந்தார்.

"வலது பக்கம் போ. மணல்குழியைப் பார்க்காதே."

தட்டித் தட்டி ஏழாவது அடியில் பந்தைக் கொடிக்குழிக்குள் விழவைத்தேன். மணலில் மாட்டிக்கொண்ட துரைக்கும் ஏழுதான் ஆயிற்று. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதன்பின் தினமும் ஆடினோம். வலப்புறத்தை எனக்காகத்தான் வெட்டாமல் விட்டிருக்கிறார் என்று நம்பினேன். அம்மா போனபிறகு எனக்கென்று ஒருவர் ஒதுக்கிவைத்த முதல் பொருள் அதுதான்.

மழை விட்டது. துரைக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. "மதாம்மா வரேல்லியாம். இனி எப்பவும் வரமாட்டாவளாம்" என்று சமையல்காரர் அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதை நானும் கேட்டேன். மறுநாள் காலையில் வலப்புறமும் குழி வெட்டச் சொன்னார் துரை.

"வலது பக்கமுமா தொரே?" அப்பா இரண்டு தடவை கேட்டார்.

"வலது பக்கமும்."

மண்வெட்டி விழுந்த சத்தம் வீடுவரை கேட்டது. மத்தியானம் அப்பா சோறுண்ண வந்ததும் கேட்டேன்: "அப்பா, நான் என்ன தப்பு செய்தேன்?"

"நீ என்னத்த மக்கா செய்த? அவருக்க எடம், அவரு வெட்டச் சொல்லுகாரு."

சாயங்காலம் துரை இரண்டு மட்டைகளோடு இறங்கி வந்தார். எங்கள் வீட்டைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். மணலில் என் பந்து விழுவதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு மேலேறிப் போனார். மறுநாளும் வந்து கூப்பிட்டார்.

அந்த வழி யாருக்காகத் திறந்திருந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அது அடைபட்டபின் அந்த மலையில் அவர் கூப்பிடுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம் என்பதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவர் கூப்பிடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றப் போனேன்.