மாமனார் மரியாதையாகப் பேசிய இரண்டு நாட்கள்

என் மாமனார் யாரையும் பாராட்டிப் பேசுகிறவர் இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் ரசத்துக்கு அவர் கொடுத்த அதிகபட்ச மதிப்பு, "இன்னிக்குப் பரவால்ல, குடிக்கலாம்" என்பதுதான். நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. வாய்க்கால் தண்ணீரிலிருந்து டிவி செய்தி வரை எல்லாவற்றோடும் சண்டை போடுவார்.

அந்தத் தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு நான்கு நாள் பனியில் காவல் கிடந்தார். இருமலோடு வீடு திரும்பினார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. "வெறும் சளிதான்" என்று தீர்ப்புச் சொல்லி, கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் நிலையத்தில், நெல்லில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். வழக்கமாக அந்த வார்த்தைக்கு அவர் போடும் கூச்சல் அடுத்த ஊர் வரை கேட்கும். அன்றைக்கோ, "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாராம். ஊரே வந்து அதிசயமாகச் சொல்லிவிட்டுப் போனது. மதியம் ரசம் ஊற்றினேன். "அமிர்தமா இருக்கும்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சென்னையில் இருந்த கணவருக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காப்பி கொண்டுபோன அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், அவர், "வாங்க, உட்காருங்க, எந்த ஊரு நீங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தை அடுக்களைக்கு ஓடி வந்தார். "வண்டியக் கூப்பிடு. அம்பது வருஷத்துல அந்த மனுஷன் என்னை உட்காரச் சொன்னதே இல்ல."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மூச்சை எண்ணினார், பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. "நடவடிக்கையில ஏதாவது மாற்றம் இருந்துச்சா?"

"நேத்துலேருந்து ரொம்ப மரியாதையா பேசுறாருங்க" என்றேன்.

"முன்னாடி பேச மாட்டாரா?"

"மாட்டாருங்க" என்றோம் நானும் அத்தையும் ஒரே குரலில்.

டாக்டர் சிரிக்கவில்லை. நிமோனியா முற்றி, செப்சிஸ் ஆகிவிட்டதாம். நுரையீரலில் தொடங்கிய தொற்று உடம்பு முழுவதையும் ஆட்டிவைக்க ஆரம்பித்திருந்தது. "வயசானவங்களுக்குக் காய்ச்சல் வரணும்னு இல்லம்மா. சில பேருக்குக் குழப்பம்தான் முதல்ல தெரியும். பிழைப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது. நேத்தே வந்திருக்கணும்."

நேற்று நான் ரசப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். ஐசியு வாசலில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

ஆறாம் நாள் நர்ஸ் வெளியே வந்து, "உங்க பெரியவரு கஞ்சியில உப்பு இல்லைன்னு கத்துறாரு, வந்து என்னன்னு கேளுங்க" என்று புகார் சொன்னார். அத்தை அந்த நர்ஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மதியம் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஏம்மா, எனக்காக நீ ரொம்ப அலைஞ்சேன்னு சொன்னாங்க. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் ஆக்சிஜன் மீட்டரை எடுத்து வந்து அவருடைய இடது கை விரலில் மாட்டினேன்.

"சீ, எடு இதை! இந்த வீட்டுல ஒரு மனுஷன் மனசாரப் பேச விடமாட்டீங்களா?" என்று கத்தினார்.

அத்தைக்கு நிம்மதி. நான் மீட்டரைக் கழற்றினேன். பதினாறு வருஷத்தில் அவர் தெளிந்த புத்தியோடு எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. இன்னும் ஏதோ சொல்ல வந்திருப்பார், நான்தான் மீட்டரை மாட்டிச் சொல்லவிடாமல் செய்துவிட்டேன்.