மணி அடிக்காத வீடு

டெக்சாஸில் கில்லீன் என்று ஓர் ஊர். பக்கத்தில் இருக்கும் ராணுவத் தளத்தை நம்பித்தான் அந்த ஊரே பிழைக்கிறது. முடிவெட்டும் கடை, டயர் கடை, கோழி வறுத்துத் தரும் கடை எல்லாமே சிப்பாய்களுக்காகத் திறந்தவை. அங்கே ஒரு வாடகை வீட்டில் யாமினி தனியாக இருக்கிறாள். வயது இருபத்தொன்பது, சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். புருஷன் செழியன் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். மேல்படிப்புக்கு வந்து, வேலை கிடைக்காமல் அல்லாடி, வெளிநாட்டுக்காரர்களையும் எடுத்துக்கொள்ளும் ஒரு திட்டம் அப்போது இருந்ததால் யார் பேச்சையும் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தவன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கோபியில் யாராவது கேட்டால், கவர்மென்டில் கம்ப்யூட்டர் பார்க்கிறார் என்று யாமினியின் அம்மா இன்றைக்கும் அடித்துவிடுகிறாள். அவன் ரேடியோ கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் அவனை ஒன்பது மாதத்துக்கு வெளிநாடு அனுப்பிவிட்டார்கள். எந்த நாடு என்று அவளுக்குத் தெரியும், வெளியே சொல்லக் கூடாது. எப்போது திரும்புவான் என்பதையும் சொல்லக் கூடாது, அது அவளுக்கே சரியாகத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ணுவான். மூன்று நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, லைன் எப்போது அறுந்துபோகும் என்று இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பான். "வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?" கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பெண்டாட்டியை ஆளில்லாத ஊரில் விட்டுவிட்டு வந்தோமே என்ற குற்ற உணர்ச்சி அவனுக்கு. அவளும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "யாரும் வரலீங்க."

அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. பார்மசி படித்தவள், அந்தப் படிப்பு இங்கே செல்ல இன்னும் சில பரீட்சைகள் பாக்கி. காலையில் அதற்குப் படிப்பாள். செவ்வாய்க்கிழமை தளத்துக்குள் இருக்கும் கமிசரி என்ற ராணுவ அங்காடிக்குப் போய்க் காய்கறி வாங்குவாள். கேட்டில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பால் மணம் மாறாத ஒரு சிப்பாய் "ஹேவ் எ குட் டே, மேடம்" என்பான். சில நாட்களில் அன்றைக்கு முழுக்க அவள் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல் அதுவாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு பெல்டன் ஏரிக்குப் போவாள். காரைவிட்டு இறங்காமல் சாப்பிட்டுவிட்டு, வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஏரிக்குப் போய் வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னால், யாரோடு போனாய் என்று அம்மா கேட்பாள். அதனால் சொல்வதில்லை.

தளத்தில் மாலை ஐந்து மணிக்குக் கொடியை இறக்கும்போது பியூகிள் ஊதுவார்கள். ஓடுகிற கார்கள் அப்படியே நிற்கும், ஆட்கள் இறங்கிக் கொடி இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். முதல் தடவை யாமினி என்னவோ விபரீதம் என்று பயந்துபோனாள். இப்போது வேலை இருக்கிறதோ இல்லையோ, ஐந்து மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி போகிறாள். ஒரு நிமிஷமாவது நாலு பேரோடு சேர்ந்து நிற்கலாம் அல்லவா. அந்த நாலு பேருக்கு இவள் யாரென்று தெரியாது என்பது வேறு விஷயம்.

தமிழ் முகம் பார்க்க வேண்டுமென்றால் இர்விங் போக வேண்டும், ஃப்ரீவேயில் இரண்டரை மணி நேரம். தீபாவளிக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு தனியாக டிரைவ் பண்ணிப் போனாள். அங்கே விருந்துக்கு வந்த எல்லோரும் அவளிடம் முதலில் கேட்டது, ஹஸ்பண்ட் எந்தக் கம்பெனி என்று. ஆர்மி என்றதும், "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போய்விட்டார்கள். அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் ஒரே ஒருவர், பவானிக்காரரான கலாவதி ஆன்ட்டி. அவர் வீட்டுக்காரர் கந்தசாமி அங்கிள், முப்பது வருஷம் அங்கேயே லாஸ் கொலினாஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அன்றிலிருந்து ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறார். மார்ச் மாதம் அவர்கள் மகன் தீபக்குக்குக் கல்யாணம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் ஆன்ட்டி, அவ்வளவு தூரம் வராதீர்கள் என்று யாமினி சொன்னாள். "போன்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதா கண்ணு? ரெண்டு பேரும் நேர்ல வந்து குங்குமம் குடுத்துக் கூப்பிடறதுதான் முறை" என்று ஆன்ட்டி முடித்துவிட்டார். என்றைக்கு என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவள் டெனீஸ். புருஷனை ஐந்து முறை போருக்கு அனுப்பித் திரும்ப வாங்கியவள். செழியன் கிளம்பிய வாரமே ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டோடு வந்து, யாமினிக்குத் தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்தினாள். காயம்பட்டால் ராணுவம் போன் பண்ணும், அதனால் போன் அடித்தால் பயப்படாதே. உயிர் போய்விட்டால் போன் பண்ண மாட்டார்கள், நேரில் வருவார்கள். எப்போதும் இரண்டு பேர். கருநீல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து வாசல் மணியை அடிப்பார்கள். அதனால் புருஷன் வெளியே போயிருக்கும் வீட்டில் இந்தத் தெருவில் யாரும் மணி அடிப்பதில்லை, மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் வருவோம். இதைச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே மணிப் பொத்தானுக்கு மேல் ஒரு சீட்டை ஒட்டினாள். தயவுசெய்து மணி அடிக்காதீர்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் அதற்கப்புறம் ஐந்து மாதமாக அந்த வீட்டில் மணிச் சத்தமே கேட்கவில்லை. யாரும் வராதது ஒவ்வொரு நாளும் நல்ல சேதியாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

ஜனவரியில் செழியனிடமிருந்து போன் வருவது நின்றது. நாலு நாள் பார்த்தாள், ஐந்து நாள் பார்த்தாள். ஆறாம் நாள் டெனீஸிடம் கேட்டாள். டெனீஸ் சொன்னாள். அங்கே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்துக்கு முறைப்படி சொல்லி முடிக்கும்வரை எல்லோருடைய லைனையும் வெட்டிவிடுவார்களாம். ராணுவப் பெண்டாட்டிகளின் மெசேஜ் குரூப்பில் ஒரு சத்தம் இல்லை. யார் வீட்டு வாசலோ என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாமி, அது வேற யார் வீடாவது இருக்கட்டும் என்று யாமினி வேண்டிக்கொண்டாள். எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டாள். மறுநாளும் விளக்கேற்றி அதையே வேண்டினாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். டிரையரில் துணி சுற்றிக்கொண்டிருந்தது, யாமினி மிக்ஸியில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திய நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு கதவு சாத்தும் சத்தம், அப்புறம் இன்னொரு கதவு. வாசல் கதவின் ஓரத்தில் மங்கலான கண்ணாடி ஒன்று உண்டு. அதில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. இரண்டும் கறுத்த உடுப்பில், விறைப்பாக, பக்கத்தில் பக்கத்தில். மணி அடித்தது.

கதவைத் திறக்கிறவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு கணக்கு எங்கிருந்தோ அவள் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. மணி மறுபடி அடித்தது. மாவுக் கையோடு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டிரையருக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை அடித்தது. டிரையர் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. செழியன் பெயரைக்கூட மனதுக்குள் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் அது அவனைப் பற்றிய சேதியாகிவிடுமோ என்று பயம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, டிரையர் தானாக நின்றிருந்தது. மாவு விரலில் காய்ந்துவிட்டது. அப்போது சமையலறையில் போன் அடித்தது. போன் அடித்தால் பயப்படாதே என்று டெனீஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கலாவதி ஆன்ட்டி.

"கண்ணு, கடைக்குக் கிடைக்குப் போயிட்டியா? வாசல்ல நின்னு நின்னு பார்த்துட்டு, பத்திரிகையைக் கதவுல சொருகிட்டு வந்துட்டோம். அப்படியே ஆஸ்டின்ல ரெண்டு வீடு கூப்பிடணும், அதான் கெளம்பிட்டோம்."

"நீங்களா ஆன்ட்டி வந்தீங்க?" என்றாள் யாமினி. ஒன்பது நாள் அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வெளியே வந்தது. ஆன்ட்டி பதறிப்போய்க் கேட்கக் கேட்க, இரண்டு பேர் வருவதையும் கருநீல உடுப்பையும் மணியையும் பற்றித் துண்டு துண்டாகச் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். முன்கூட்டியே சொன்னால் தனியாக இருக்கிற பெண் விருந்து சமைத்து வைத்துவிடும் என்று ஆன்ட்டி சொல்லாமல் கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவன் கோட்டுப் போட்டால்தான் மரியாதை என்பது அங்கிளின் கட்சி, அதனால் கருநீல பிளேசர். ஜனவரிக் காற்றுக்குப் பயந்து ஆன்ட்டி பட்டுப்புடவைக்கு மேல் முழங்கால் வரை கறுப்புக் கோட்டு. மணிக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டை அங்கிள் படிக்காமல் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகவே படித்திருக்கிறார். அது சாமான் விற்க வருகிறவர்களுக்கு, நம்மைப் போல வேண்டப்பட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மூன்று தடவை அடித்திருக்கிறார்.

பெல்டன் ஊரைத் தாண்டியிருந்த அங்கிள், அடுத்த எக்ஸிட்டில் காரைத் திருப்பிவிட்டார்.

இருபத்தைந்து நிமிஷத்தில் ஆன்ட்டி மறுபடி கூப்பிட்டார். "வாசல்லதான் நிக்கறோம் கண்ணு. அங்கிள் மணியத் தொடமாட்டாரு. நீயே வந்து தொற."

யாமினி கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கை தாழ்ப்பாள் வரை போய் நின்றது. இப்படியே திறந்துவிடலாம்தான். ஆனால் அந்த மணி கடைசியாக அடித்தபோது அவள் தரையில் ஒளிந்துகொண்டிருந்தாள். அது அப்படியே இருந்துவிட்டால் இந்த வீட்டில் இனி அவளால் தூங்க முடியாது என்று தோன்றியது. விருந்தாளி வந்து மணி அடித்து, தான் போய்த் திறந்தோம் என்று ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"இல்லீங்க ஆன்ட்டி. அங்கிளை அடிக்கச் சொல்லுங்க."

"வேண்டாம் கண்ணு."

"அடிக்கச் சொல்லுங்க. நான் தொறக்கறேன்."

பிறகு மணி அடித்தது. திறந்தாள். அங்கிள் பிளேசரைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் குளிரில் வெள்ளைச் சட்டையோடு விறைத்துப்போய் நின்றிருந்தார். ஆன்ட்டியும் கோட்டைக் கழற்றியிருந்தார், அரக்குப் பட்டு பளபளத்தது. அங்கிள் கண் கலங்கித் தலை குனிந்துகொண்டார்.

ஆன்ட்டி கதவில் சொருகியிருந்த பத்திரிகையை எடுத்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து முறைப்படி அழைத்தார். "தம்பி முன்னாடியே வந்துட்டா ரெண்டு பேரும், இல்லாட்டி நீயாவது முதல் நாளே வந்துரோணும்" என்றார். விருந்து வேண்டாம் என்பதற்காகச் சொல்லாமல் வந்தவர்கள் ரவா உப்புமாவைச் சாப்பிட்டு, இரண்டாம் முறை காபியும் கேட்டுக் குடித்தார்கள். இரண்டு மணிக்கு ஆஸ்டினுக்குக் கிளம்பினார்கள். கார் திருப்பத்தில் மறைந்ததும் வீடு பழையபடி ஆனது. செழியன் என்ன ஆனான் என்பது அப்போதும் யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் கார்கள் நின்றன. டெனீஸ் சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு போனாள். யாமினியும் கூடவே போனாள். புருஷனை இழந்த அந்தப் பெண்ணின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் வேண்டிக்கொண்டது பலித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நீளமான எண்ணிலிருந்து போன் வந்தது. செழியன்தான். குரல் கட்டியிருந்தது. ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க" என்றாள் யாமினி. "கலாவதி ஆன்ட்டியும் அங்கிளும். தீபக் கல்யாணத்துக்குக் கூப்பிட."

"நேர்லயா?"

"ஆமாங்க. சனிக்கிழமை. சொல்லாம வந்து மணி அடிச்சாங்க."

சனிக்கிழமை அந்த மணி அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இந்த உலகத்தில் அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

"நீ தொறந்தியா?" என்று கேட்டான்.

"ரெண்டாவது தடவை வந்தப்பதாங்க தொறந்தேன்" என்றாள்.