நாற்காலி இல்லாத வகுப்பு

ஷார்ஜாவில் நான் பதினெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த பள்ளியில், வகுப்பறைக்குள் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. மேசை உண்டு. அதன்மேல் நோட்டுகளை அடுக்கலாம், மார்க்கர் டப்பாவை வைக்கலாம், ஆத்திரம் வந்தால் ஸ்கேலால் தட்டலாம். உட்கார மட்டும் வழியில்லை. மேசையில் லேசாகச் சாய்ந்தால்கூட, கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போகும் சூப்பர்வைசர் மாலையில் கூப்பிட்டு விசாரிப்பார்.

முதலில் அப்படி இல்லை. புதிய பிரின்சிபால் வந்த வருடம் ஒரே பிற்பகலில் எல்லா நாற்காலிகளும் வெளியே போயின. "ஆசிரியர் உட்கார்ந்தால் பாடமும் உட்கார்ந்துவிடும்" என்று மீட்டிங்கில் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. காலையில் எழுந்ததும் நேராகச் சமையலறைக்கு நடந்து போகிற கால்கள் எனக்கு இருந்தன. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று வருடம் கழித்து, அங்கே வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறிய சமயத்தில், உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலை ஊன்றினால் உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்த பிறகுதான் கால் என் காலாகும். வலது தோள் இறுகிப்போய், போர்டின் மேல்பாதியில் எழுத முடியவில்லை. கீழ்பாதியிலேயே எழுதி எழுதி அழித்தேன். மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, பிறகு நான்காவது பீரியட் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். புதன்கிழமை அசெம்பிளிக்கு ஆசிரியைகள் எல்லோரும் வெளிர்நிறச் சேலை கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியைப் போட்டவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் போதாதென்று அந்தச் சூடு. காதோரத்தில் தொடங்கி உச்சந்தலைவரை ஏறும். ஜனவரியில் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு நான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன். பக்கத்து அறையில் என் கணவர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். இந்தக் களைப்பைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. வேலை செய்து வருகிற களைப்பு எனக்குத் தெரியும், அது தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்த பிறகும் என்னோடு எழுந்து வந்து பஸ் ஏறியது.

சொன்னால் எல்லோரிடமும் ஒரே பதில். இந்த வயசுல அப்படித்தான். ஊரில் அக்காவிடம் போனில் சொன்னேன், அதே பதில். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், அதே பதில். அப்படித்தான் என்றால் அதற்கு மேல் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கில் ஒரு மலையாளி டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஏறக்குறைய என் வயது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் டி குறைவு என்றார். வருடத்தில் முக்கால்வாசி வெயில் கொளுத்தும் ஊரில் உட்கார்ந்துகொண்டு வெயில் போதவில்லை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரை எழுதினார், தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"டீச்சருக்கு ஒரு நாள்ல எத்தன மணிக்கூர் நிக்கணும்?"

"ஆறு பீரியட். சப்ஸ்டிட்யூஷன் வந்தா ஏழு."

"இடையில உக்காரலாம் அல்லே?"

"சேர் இல்ல டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ ஞான் எழுதற மாத்திரையெல்லாம் வேஸ்ட்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தொழில்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனுஷன்தான். ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே தீர்வு.

"விட்டுடு. என் விசாவுலதான இருக்க? வீட்ல ரெஸ்ட் எடு."

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. எனக்கு உண்மையான பயமே அதுதான். மகள் படிக்க ஊருக்குப் போய்விட்டாள். வேலையை விட்டால் முவைலாவில் மூன்றாவது மாடி ஃபிளாட், ஜன்னலுக்கு வெளியே மணல், உள்ளே நானும் டிவியும். இத்தனை வருடமும் நான் யாருக்கோ மனைவி என்ற விசாவில் இருந்தேன், சரி. ஆனால் காலை ஆறரைக்குப் பஸ் ஏறும்போது நான் கணக்கு டீச்சர். கால் வலிக்கிறது என்பதற்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை. நிற்க முடியாவிட்டால் வேலை போகும். வேலை போகக் கூடாது. அப்படியானால் உட்கார வேண்டும்.

"ரெஸ்ட்தான் எடுக்கப்போறேன்," என்றேன். "ஸ்கூல்லயே எடுத்துக்கறேன்."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பஸ்ஸுக்கு நின்றேன். பாகிஸ்தான் பட்டாணியரான டிரைவர் கதவைத் திறந்து, இது என்னவென்று கேட்டார்.

"யே க்யா ஹை, டீச்சர்ஜி?"

"குர்ஸி," என்று நாற்காலிக்கு அவர் பாஷையில் எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்.

"அச்சா," என்று அதை வாங்கித் தன் சீட்டுக்குப் பின்னால் சொருகிக்கொண்டார். அந்த நாற்காலியைப் பற்றி மறு கேள்வி கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

எனக்குப் பெண்கள் பிரிவில் ஏழாம், எட்டாம் வகுப்பு. போர்டில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் எழுதும் நேரத்தில் உட்கார்ந்தேன். குதிகாலிலிருந்து இடுப்புவரை ஒரு நிம்மதி பரவியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. முன் வரிசையில் ஒருத்தி எழுந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இல்லை, எனக்கு நாற்பத்தொன்பது வயசு" என்றேன். அவள் ஏதோ புரிந்ததுபோல உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது, எனக்கு முடிந்துகொண்டிருந்தது. இரண்டைப் பற்றியும் அந்தக் கட்டடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது பீரியடில் கண்ணாடியில் சூப்பர்வைசரின் முகம் தெரிந்தது. அவர் மதுரைக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார். அதைப் பெரிய அதிகாரியின் தோரணை என்று நாங்கள் பின்னால் நின்று கிண்டல் செய்வோம்.

"இது என்ன டீச்சர்?"

"என் சேர், மேடம்."

"ரூல் தெரியுமில்ல?"

"தெரியும். கால் வலிதான் அந்த ரூலுக்குத் தெரியல."

அன்று மாலை அட்டெண்டர் வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை இரண்டாவதைக் கொண்டுபோனேன். அதுவும் போயிற்று. புதன்கிழமைக்குள் மூன்று போய்விட்டன. வியாழக்கிழமை நான்காவதைத் தூக்கியபோது கணவர் குறுக்கே வந்து நின்றார்.

"அப்ப நாம எதுல உக்காந்து சாப்பிடறது?"

"கட்டில்ல."

மேசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து அதை வாங்கி அவரே கீழே பஸ்வரை தூக்கிவந்தார். பஸ் படியில் அதை வைத்துவிட்டுச் சொன்னார். "எங்க கோடவுனுக்குப் பக்கத்து கராஜ்ல வண்டிக்கு அடியில படுத்து வேலை பாக்கறவனுக்கே டீ டைம்ல உக்கார ஒரு ஆயில் டின் இருக்கு. உங்க ஸ்கூல்ல அதுகூடவா இல்ல?" கல்யாணமான நாளிலிருந்து அவர் என் வேலையைப் பற்றிச் சொன்னதிலேயே உருப்படியான வாக்கியம் அது.

நான்காவதும் போன அன்று நாற்காலிக்குப் பதிலாக ஒரு மெமோ வந்தது. விதியை மீறியதற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த கல்வியாண்டுக்கு என் பெயரைப் பரிசீலிக்க மாட்டார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது. மெமோவை இரண்டு முறை படித்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

ஒரு வரிகூடச் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது வயது, மாதவிடாய் நின்றுகொண்டிருக்கிறது, அதனால் மூட்டும் குதிகாலும் தோளும் வலிக்கின்றன, சில நாள் ரத்தப்போக்கு அதிகம், நாலு பீரியட் தொடர்ந்து நின்றால் தலை சுற்றுகிறது, இது நோயுமில்லை, சோம்பலுமில்லை, உட்கார்ந்தால் என்னால் இன்னும் பத்து வருடம் பாடம் எடுக்க முடியும் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த சயின்ஸ் டீச்சர் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ, இதையா எழுதுவீங்க? ஸ்கூல் கமிட்டில ஆம்பளைங்க படிப்பாங்க டீச்சர்."

"படிக்கட்டும். அவங்களுக்கும் வீட்ல பொம்பளைங்க இருக்காங்க."

அடுத்த திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். அவருக்குச் சுழலும் நாற்காலி, உயரமான முதுகு. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வேண்டாம் சார். உட்கார்ந்தால் பேச்சும் உட்கார்ந்துவிடும்" என்று அவர் ஆங்கிலத்திலேயே சொன்னேன். அன்றைக்கு அந்த வாய்க்கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கால் கெஞ்சியது, நான் சட்டை செய்யவில்லை.

என் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார். உங்கள் அந்த நிலைமை, அந்த விஷயம், உங்கள் தனிப்பட்ட அது என்று பேப்பர் வெயிட்டைப் பார்த்தே பேசினார். ஒவ்வொரு முறையும் நான் 'மெனோபாஸ்' என்று எடுத்துக்கொடுத்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் பெயரைத் தேடுவதையே விட்டுவிட்டார். டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் விதிவிலக்காக எனக்கு மட்டும் நாற்காலி தருவதாகவும், இதை மற்றவர்களிடம் பேச வேண்டாமென்றும் சொன்னார். சரி சார் என்று வெளியே வந்தேன்.

சரி என்றது சான்றிதழுக்குத்தான். பேசாமல் இருப்பதற்கு இல்லை. மதியம் பஸ்ஸில் முன் சீட்டுகளில் ஆசிரியைகள்தான் இருப்போம். பஸ் கிளம்புவதற்குள் விஷயத்தை எல்லோருக்கும் உடைத்தேன். கிளினிக் எங்கே, டாக்டர் எந்த நேரத்தில் இருப்பார், என்ன எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்பதுவரை சொன்னேன். ஒருவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். சயின்ஸ் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பயந்தாங்கொள்ளிகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வாங்கப் போனபோது டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "உங்க ஸ்கூல்ல இனியும் எத்தன பேர் உண்டு?" என்று கேட்டார். எனக்கு முன்னால் நான்கு பேர் வந்து வாங்கிப் போயிருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் சயின்ஸ் டீச்சர். அடுத்த வாரக் கடைசியில் பிரின்சிபால் மேசையில் ஒன்பது சான்றிதழ்கள், எல்லாம் ஒரே கையெழுத்தில். ஒன்பதிலும் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஒருவரை நீக்கலாம். ஒன்பது பேரை நீக்கினால் பெண்கள் பிரிவில் அடுத்த கல்வியாண்டில் யார் பாடம் எடுப்பார்கள்? மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு வகுப்பறையில் நாற்காலி உண்டு என்று சர்க்குலர் வந்தது. அதே நாளில் என் ஒப்பந்தப் படிவமும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டேன். வலி போய்விடவில்லை. குதிகால் காலையில் அதே மாதிரிதான் குத்தியது, சூடு அதே மாதிரிதான் ஏறியது. ஆனால் வலியோடு வேலைக்குப் போக முடிந்தது, எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இரண்டு நாள் கழித்து, ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும் இருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். கதவைச் சாத்தினார். சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"டீச்சர், அந்த டாக்டரம்மா எந்த கிளினிக்?"

அவர் படியிறங்கும் விதம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதற்காக நான்கு நாற்காலிகளை மறந்துவிட முடியுமா.

"சொல்றேன் மேடம். முதல்ல என் சேரு நாலும் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்துக்கொண்டே ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் பின்னாலிருந்த ஸ்டோருக்கு என்னை அழைத்துப்போனார். நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக, தூசி படிந்து நின்றன. பிரித்து வரிசையாக வைத்தேன். கிளினிக் பெயரையும் நேரத்தையும் சொன்னேன். அவர் கடைசி நாற்காலியின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அதன் கைப்பிடிகளை அழுத்திப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க போங்க டீச்சர். நான் செத்த நேரம் இருந்துட்டு வர்றேன்."

மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கணவர் கீழே வந்து நின்றார். ஒவ்வொன்றாக வாங்கி வைத்தவர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாலாவது எங்க?"

"அதுல ஆள் இருக்கு," என்றேன்.